சொல்லப்படாத வயிற்றுவலி

வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொல்வதற்குள் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். வலியை அது உணர வேண்டும். வலி வயிற்றில்தான் இருக்கிறது என்று இனம் காண வேண்டும். அதைப் பிறருக்குத் தெரிவிக்கச் சொல்லோ சைகையோ கைவசம் இருக்க வேண்டும். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள குழந்தைகள் பலருக்கு இம்மூன்றில் ஒன்றிலேனும் தடை இருக்கிறது. எனவே, அவர்களின் வயிற்றுவலி வீட்டிலும் பள்ளியிலும் வேறு பெயர்களால் அறியப்படுகிறது: பிடிவாதம், முரட்டுத்தனம், தூக்கமின்மை, காரணமற்ற அழுகை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை குறித்து நிறையப் பேசப்படுகிறது. குழந்தையின் குடல் குறித்துப் பேசுவோர் மிகச் சிலரே. அப்படிப் பேசப்படும்போதும், 'குடலைச் சரிசெய்தால் ஆட்டிசம் குணமாகிவிடும்' என்ற விளம்பரக் குரலாகவே அது பெரும்பாலும் ஒலிக்கிறது. ஒருபுறம் புறக்கணிப்பு, மறுபுறம் மிகைப்படுத்தல். இவ்விரண்டுக்கும் நடுவே குழந்தையின் உண்மையான வலி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட சிக்கல் அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து 1943-இல் வெளியிட்ட கட்டுரைதான் ஆட்டிசம் குறித்த மருத்துவ அறிவுக்கு அடித்தளம். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே உணவூட்டுவது பெரும்பாடாக இருந்ததை அக்கட்டுரையிலேயே அவர் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவ உலகம் இக்குழந்தைகளின் மூளையை ஆராய்ந்ததே தவிர, வயிற்றை அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை.

15 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, செரிமானத் தொல்லைகளுக்கான வாய்ப்பு ஏனைய குழந்தைகளைவிட ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் 4 மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது. மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் தனித்தனியே 3 மடங்குக்கும் அதிகம். வட அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான மற்றொரு ஆய்வில், நான்கில் ஒரு குழந்தைக்கு நாள்பட்ட செரிமானச் சிக்கல் ஒன்றேனும் இருந்தது. பதற்றமும், ஒலி, தொடுகை போன்றவற்றைத் தாங்க இயலாமையும் அதிகம் உள்ள குழந்தைகளுக்கே வயிற்றுத் தொல்லையும் அதிகம் என்பது அதில் வெளிப்பட்ட இன்னோர் உண்மை.

நம் நாட்டில் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ நூறில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு லட்சம் குழந்தைகள் வாழும் பகுதி என்று எடுத்துக்கொண்டால், அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் 1,000 பேர். நான்கில் ஒருவர் என்ற கணக்கைப் பொருத்தினால், 250 குழந்தைகள் நாள்தோறும் வயிற்றுத் தொல்லையோடு வாழ்கிறார்கள். தோராயக் கணக்குதான், ஆனால், ஓர் அரசுத் திட்டம் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய எண்ணிக்கை அன்று.

குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவு உண்மையானது. குடலின் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் உள்ளன. மூளையின் கட்டளைக்குக் காத்திராமலேயே உணவை நகர்த்தும் திறன் அவற்றுக்கு உண்டு. உடலில் உள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது. ஆட்டிசம் உள்ளோரில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் செரட்டோனின் கூடுதலாக இருப்பது 1961 முதலே அறியப்பட்டுள்ளது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய சில மரபணுக்கள் மூளை வளர்ச்சியில் மட்டுமன்றிக் குடலின் இயக்கத்திலும் பங்கு வகிக்கின்றன. ஆகவே, சில குழந்தைகளுக்குக் குடல் மந்தமாக இயங்குவதற்குப் பிறவியிலேயே காரணம் இருக்கக்கூடும்.

ஆயினும், அன்றாடம் காணப்படும் மலச்சிக்கலுக்கு இவ்வளவு ஆழத்தில் காரணம் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. முதற்காரணம் உணவு. உணவின் நிறம், மணம், மென்மை, சூடு ஆகியவற்றில் சிறு மாற்றத்தைக்கூட இக்குழந்தைகளில் பலரால் ஏற்க முடிவதில்லை. வெள்ளைச் சோறு, தயிர், அப்பளம், ஒரே நிறுவனத்தின் ஒரே வகை பிஸ்கட் என்று உணவு சுருங்கிவிடுகிறது. கீரையும் காயும் பழமும் பயறும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. நார்ச்சத்து குறைகிறது, மலம் இறுகுகிறது. வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய் கடலோடிகளின் காலத்தோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். நடக்க மறுத்த, நொண்டிய ஆட்டிசக் குழந்தைகளைச் சோதித்தபோது ஸ்கர்வி இருப்பது தெரியவந்த நிகழ்வுகள் இந்த நூற்றாண்டிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இரண்டாவது காரணம் அச்சம். ஒருமுறை வலியோடு மலம் கழித்த குழந்தை, மறுமுறை அதைத் தவிர்க்க அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் மேலும் இறுகுகிறது. அடுத்த முறை வலி கூடுகிறது. நாளடைவில் குடல் விரிந்து, மலம் வர வேண்டும் என்ற உணர்வே மங்கிவிடுகிறது. கழிப்பறையின் ஈரம், வாளியில் விழும் நீரின் ஓசை, நாற்றம், இருட்டு ஆகியவை மற்ற குழந்தைகளுக்கு ஒரு பொருட்டன்று. புலனுணர்வு கூர்மையான குழந்தைக்கு அவை தாங்க முடியாதவை. நம் வீடுகளில் மலச்சிக்கல் உள்ள குழந்தைக்கு விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அன்பினால் செய்யப்படுவதுதான், ஆனால், தொடுகையையே தாங்காத குழந்தைக்கு அது அச்சத்தைப் பன்மடங்காக்கி, அடக்கும் பழக்கத்தை உறுதியாக்கிவிடும்.

மூன்றாவது காரணம் மருந்து. சீற்றத்தைத் தணிக்க ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளின் பக்கவிளைவுகளில் மலச்சிக்கலும் ஒன்று. வயிற்றுவலியால் குழந்தை தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணத்தை ஆராயாமல் சீற்றத்துக்கு மருந்து தரப்படுகிறது. அம்மருந்து மலச்சிக்கலைக் கூட்டுகிறது. குழந்தை சற்று அடங்கியதாகத் தோன்றும்; வலியோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். தேவைப்படும் குழந்தைக்கு இம்மருந்து உதவுகிறது என்பதில் ஐயமில்லை. அதை எழுதுவதற்கு முன் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

பெற்றோரைப் பெரிதும் ஏமாற்றும் ஓர் அறிகுறியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெருங்குடலில் இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்கும்போது, அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கும். இதை வயிற்றுப்போக்கு என்று கருதி, போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பு மேலும் இறுகுகிறது. குழந்தை வேண்டுமென்றே அசிங்கம் செய்கிறது என்று பள்ளியில் புகார் வருகிறது. அடியும் திட்டும் கிடைக்கின்றன. குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்குக் குழந்தைக்கே தண்டனை.

அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இவ்வகையில் மிகவும் பயனுள்ளது. ஆட்டிசத்துக்கென்றே தனியாக ஒரு குடல் நோய் இருப்பதற்குச் சான்று இல்லை. ஆனால், எந்தக் குழந்தைக்கும் வரும் குடல் நோய்கள் இக்குழந்தைகளுக்கும் வரும். எந்தக் குழந்தைக்கும் செய்யும் பரிசோதனையையும் சிகிச்சையையும் இவர்களுக்கும் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொள்வது, உடலை விந்தையாக வளைப்பது, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, நள்ளிரவில் விழித்து அலறுவது, தன்னைத் தானே கடித்துக்கொள்வது போன்றவை வலியின் அறிகுறிகளாக இருக்கலாம் என்றும் அது சுட்டிக்காட்டியது. 'ஆட்டிசம் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கத்துக்கு எதிரான அறிக்கை அது.

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். இச்சிக்கலின் மறுபாதி எனக்குச் சந்தைச் சிக்கலாகவே தெரிகிறது. மருத்துவச் சேவை ஏனைய பண்டங்களைப் போன்றதன்று என்பதைக் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. பலன் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. இத்துடன் ஒரு தாயின் தவிப்பும் சேரும்போது, எந்த விலைக்கும் நம்பிக்கையை விற்கலாம் என்ற நிலை உருவாகிறது.

வரலாறு இதற்குச் சான்று கூறுகிறது. 1998-இல் பிரிட்டனின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு தடுப்பூசி, குடல் அழற்சி, ஆட்டிசம் மூன்றையும் முடிச்சுப் போட்டார். அக்கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அவரால் விளைந்த தீங்குகளில் ஒன்று தடுப்பூசி அச்சம். அதிகம் பேசப்படாத மற்றொன்று, ஆட்டிசக் குழந்தைகளின் குடலை ஆராய்வதே ஐயத்துக்குரிய செயலாகப் பல மருத்துவர்களுக்குத் தோன்றத் தொடங்கியது.

அதே 1998-இல், கணையச் சுரப்பைத் தூண்டும் செக்ரெடின் என்ற ஹார்மோனைச் செலுத்தியபின் மூன்று குழந்தைகளிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக ஓர் அறிக்கை வெளியாயிற்று. பெற்றோர் அதை வாங்கத் திரண்டனர். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளிடம் முறையான சோதனை நடத்தப்பட்டது. ஒரு குழுவுக்குச் செக்ரெடின். மறு குழுவுக்கு வெறும் உப்புநீர். இரு குழுக்களிலும் ஒரே மாதிரியான முன்னேற்றமே தென்பட்டது. மருந்தால் பயனில்லை என்ற முடிவைத் தெரிவித்த பின்னரும், அப்பெற்றோரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் செக்ரெடினில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகக் கூறினர். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வேறு வழி எதுவும் காட்டப்படாதவர்களின் கையறுநிலை அது.

இன்று நம்மூரில் பரவலாக விற்கப்படும் அறிவுரை, கோதுமையில் உள்ள குளூட்டனையும் பாலில் உள்ள கேசினையும் அறவே நீக்க வேண்டும் என்பது. இதனால் ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகள் மாறுவதாகத் தரமான சோதனைகள் காட்டவில்லை. குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உண்மையாகவே இருந்தால் நீக்கத்தான் வேண்டும். அந்நோயின் பரவல் குறித்து இந்தியாவின் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், வட இந்தியாவில் ஆயிரத்துக்கு 8 பேருக்கு மேல் காணப்பட்ட இந்நோய், வேலூரை மையமாகக் கொண்ட தென்னிந்தியப் பகுதியில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கே காணப்பட்டது. அரிசி உண்ணும் தமிழகத்தில், ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல், 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலங்களைப் பன்மடங்கு விலைக்கு வாங்கவைப்பது எந்த வகையில் நியாயம்?

பாலின் கதை சற்றே சிக்கலானது. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும் உள்ளன. ஆவின் பால் இல்லாத வீடு இவ்வட்டாரத்தில் அரிது. எதையும் உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பாலாவது இறங்குகிறதே என்று தாய்மார்கள் வேளைக்கு வேளை பாலைத் தருகிறார்கள். பால் நல்ல உணவு. ஆனால், அதுவே முழு உணவாகிவிட்டால் பசி அடங்கிவிடும். வேறெதுவும் உள்ளே போகாது. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்து மலச்சிக்கலும் ரத்தசோகையும் வரும். இதற்கு மாறாக, யாரோ சொன்னார்கள் என்று பால், தயிர், மோர் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்தினால் வேறு ஆபத்து. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பின் தடிமன் குறைவாக இருப்பதை 2008-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது; கேசின் தவிர்த்தவர்களிடம் அக்குறை மேலும் அதிகம். அளவைக் குறைப்பதற்கும் அறவே நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஒரு சத்துணவு வல்லுநர் தேவை. அவரை எங்கே சந்திப்பது என்பதுதான் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியவில்லை.

அண்மைக்காலத்தில் சந்தை குடல் நுண்ணுயிரிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், உடல்நலம் உள்ளவர்களின் குடல் நுண்ணுயிரிகள் 18 ஆட்டிசக் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டன. வயிற்றுத் தொல்லைகள் வெகுவாகக் குறைந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. நம் மதுரையிலும் 18 குழந்தைகளிடம், ஒருவகை ஈஸ்ட்டிலிருந்து பெறப்படும் பீட்டா குளூக்கான் என்ற நார்ப்பொருளைக் கொண்டு மூன்று மாத ஆய்வு நடந்தது. தூக்கமும் நுண்ணுயிர்ச் சமநிலையும் மேம்பட்டதாக அதன் ஆய்வாளர்கள் எழுதினர். இவை வரவேற்கத்தக்க தொடக்கங்கள். ஆனால், இரண்டிலும் யாருக்கு என்ன தரப்படுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். உப்புநீர் தந்த குழுவிலும் முன்னேற்றம் காணப்பட்ட செக்ரெடின் வரலாற்றை நினைவில் கொண்டால், 18 பேரை வைத்து முடிவுக்கு வர இயலாது என்பது விளங்கும்.

ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளையும் இளையோரையும் ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு இவ்விவாதத்தையே தலைகீழாகத் திருப்பியது. நுண்ணுயிரிகள் மாறுவதால் ஆட்டிசம் வருவதாக அதில் தெரியவில்லை. ஆட்டிசத்தின் இயல்பால் உணவு வகைகள் சுருங்குகின்றன. உணவு சுருங்குவதால் நுண்ணுயிரிகளின் வகைகளும் சுருங்குகின்றன என்பதே அதன் முடிவு. அப்படியாயின், ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கப்படும் நுண்ணுயிர்ப் பொடியைவிட, குழந்தையின் தட்டில் கூடுதலாக ஒரு காயை ஏற்கச் செய்யும் பொறுமையான பயிற்சியே முதன்மையான முதலீடு.

உள்ளபடியே பயன் தருபவை விலை குறைந்தவை. அடைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் வயிற்றைப் பரிசோதிப்பது. இருந்தால் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மலமிளக்கிகளால் அதை நீக்குவது. பின்னர் மருத்துவர் சொல்லும் வரை, பல மாதங்களானாலும், குறைந்த அளவில் தொடர்வது. இரண்டு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுவதே சிகிச்சை தோற்பதற்குப் பொதுவான காரணம். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பக் காலம் தேவை.

உணவு உண்டவுடன் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில், அவசரப்படுத்தாமல் ஐந்து, பத்து நிமிடம் கழிப்பறையில் அமரப் பழக்க வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறையாயின் கால்களுக்கு அடியில் ஒரு மணை வைத்தால் குந்தி அமரும் நிலை கிடைக்கும். அமருவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது ஆகியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால், பேசாத குழந்தையும் வரிசையைப் புரிந்துகொள்ளும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் உணவு, மலம் கழித்த நேரம், அதன் தன்மை, அழுகை, தூக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் இரண்டு வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்படும். எந்த விலையுயர்ந்த சோதனையையும்விட அக்குறிப்பு மருத்துவருக்கு உதவும். மலத்தில் ரத்தம், எடை குறைதல், ஓயாத வாந்தி, வயிறு உப்புதல் ஆகியவை தென்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவு எளிதானது ஏன் நடப்பதில்லை என்ற கேள்விக்கான விடை, காக்களூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் அன்றாட வாழ்வில் இருக்கிறது. ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காலையில் பத்து நிமிடம் என்பது பெரும் பொருள். பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை உள்ள வரிசை வீடுகளில், வெளியே வாளியோடு காத்திருப்போர் கதவைத் தட்டும்போது குழந்தையைப் பொறுமையாக அமரவைப்பது எப்படி? வல்லுநரைக் காணத் திருவள்ளூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ரயிலில் சென்னைக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. கூட்ட நெரிசலில் குழந்தை படும் பாடு தனி. ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையுடன் இருக்க நேர்ந்தால், அவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார். கட்டணமில்லா மருத்துவமனைக்கும் இத்தகைய மறைமுக விலை உண்டு. அருகிலேயே, கைப்பேசியிலேயே விற்கப்படும் போலி நம்பிக்கை வெற்றி பெறுவது இதனால்தான்.

அரசின் கட்டமைப்பு இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இயங்குகின்றன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. தனியார் காப்பீட்டில் பெரும்பாலும் கிடைக்காத புறநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் இதில் அடங்கும். இத்திட்டத்தை அறிந்த குடும்பங்கள் இன்னும் பெருக வேண்டும்.

இடைவெளி வேறிடத்தில் உள்ளது. சான்றிதழுக்காக நாம் பயன்படுத்தும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 6 பிரிவுகளில் 40 வினாக்கள் உள்ளன. செரிமானத்துக்கென அதில் ஒரு பிரிவு இல்லை. குறைபாட்டின் விழுக்காட்டைக் கணக்கிடும் கருவி என்பதால் அதைக் குறை கூற முடியாது. ஆனால், பெரும்பாலான குடும்பங்கள் அரசு மருத்துவக் குழுவின் எதிரில் அமர்வது அந்த ஒரு நாளில்தான். அன்று மதிப்பீட்டுக்கு அப்பால் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: வாரத்தில் எத்தனை முறை மலம் கழிக்கிறது? வலியோடு கழிக்கிறதா? என்னென்ன உணவுகளை மட்டும் உண்கிறது? ஐந்து நிமிடம் போதும். புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இன்னும் சிலவற்றை இம்மாவட்டத்திலேயே தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து வருவோருக்கு ஏற்ற மாலை நேரத்தில், ஆட்டிசக் குழந்தைகளுக்கான குழந்தைநல மருத்துவரும் சத்துணவு வல்லுநரும் ஒரே இடத்தில் இருக்கலாம். சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வலியின் அறிகுறிகளைக் கற்பிக்கலாம். பள்ளிக் கழிப்பறைகளில் ஒன்றையேனும் வெளிச்சமும் உலர்ந்த தரையும் உடையதாக வைத்திருக்கலாம். தொழிற்பேட்டை நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியின் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். தங்கள் தொழிலாளரின் குழந்தைகளுக்கே அது பயன்படும்.

வயிற்றைச் சரிசெய்தால் ஆட்டிசம் மறையாது. மறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சை செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏமாற்றத்தில், உதவிக்கொண்டிருந்த மருந்தையும் நிறுத்திவிடுவோம். வலி குறைந்தால் குழந்தை நன்றாக உறங்கும், பயிற்சியில் அமரும், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறையலாம். இவை எதுவும் நிகழாவிட்டாலும், ஒரு குழந்தையின் வலி நீங்கியது என்ற ஒரு காரணமே அச்சிகிச்சைக்குப் போதுமானது. பேசத் தெரிந்த குழந்தைக்கு அந்த உரிமையை நாம் கேள்வி கேட்காமல் தருகிறோம். பேசாத குழந்தைக்கும் அதே உரிமை உண்டு.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).